உறைமோரும் உருளைக்கிழங்கும்: நாட்டு ரகங்களைக் காப்பது என்றால் என்ன?

"ஊட்டி உருளை சார், நாட்டு ரகம்" என்று சொல்லிக் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏற்றி விற்பவரிடம் நான் வாதாடுவதில்லை. கிழங்கு நன்றாக இருக்கிறது, வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். ஆனால் அந்த 'நாட்டு' என்ற சொல் மட்டும் வீடு வரைக்கும் உறுத்திக்கொண்டே வரும். நாட்டு மாடு, நாட்டுக் கோழி, நாட்டுச் சர்க்கரை என்று பழகிய நாக்கு உருளைக்கிழங்குக்கும் அதே அடைமொழியைப் போட்டுவிடுகிறது.

இது போதாதென்று கைப்பேசியில் வரும் செய்திகள் வேறு. 'பாரம்பரிய உருளை ரகங்கள் அழிகின்றன, விதை வங்கியில் சேமிக்க வேண்டும்' என்று ஒன்று. 'பழைய ரகம் எந்த நோயையும் தாங்கும்' என்று இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி எங்கே பிசகுகிறது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை; வீட்டில் தயிர் உறை ஊற்றியிருந்தால் போதும்.

எந்த நாட்டுக்கு நாட்டு ரகம்?

உருளைக்கிழங்கின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆன்டிஸ் மலைத்தொடர். இன்றைய பெருவின் தெற்கிலும் பொலிவியாவின் வடக்கிலும், டிட்டிகாகா ஏரியைச் சுற்றிய மேட்டு நிலத்தில், ஏழாயிரம் முதல் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மக்கள் அதைப் பயிராக்கினார்கள். இந்தியாவுக்கு அது போர்ச்சுகீசியர் காலத்தில் வந்த விருந்தாளி. ஃபுல்வா போன்ற சில பழைய ரகங்கள் வட இந்தியாவில் தலைமுறைகளாக இருந்து 'தேசி' என்று பெயர் வாங்கியிருக்கின்றன. அவையும் குடியேறியவைதான். நீலகிரியில் பெரும்பாலும் விளைவது 'குஃப்ரி' என்று பெயர் தொடங்கும் ரகங்கள். அவை சிம்லாவில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியவை. குஃப்ரி என்பது சிம்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். (தென்காசி, நெல்லைப் பக்கம் பொங்கலுக்கு வரும் சிறுகிழங்கை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது துளசி குடும்பம். உருளைக்கிழங்கு கத்தரிக் குடும்பம்.)

ஆகவே இந்தக் கட்டுரையில் நாட்டு ரகம் என்றால் ஒரே பொருள்தான்: ஆன்டிஸ் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, நட்டு, பெயர் வைத்துக் காத்துவரும் ரகங்கள். அவை நாலாயிரத்துக்கும் மேல். ஊதா, கறுப்பு, சிவப்பு, மஞ்சள். உருண்டை, நீளம், பாம்பு போல் சுருண்டது என்று எல்லா வடிவத்திலும் உண்டு. ஒரு கிழங்குக்கு, ஆன்டிஸ் மக்கள் பேசும் கெச்சுவா மொழியில் 'மருமகளை அழவைப்பது' என்று பெயர். உடம்பெல்லாம் புடைப்பும் குழியுமாக, தோல் சீவவே முடியாது. புது மருமகள் கையில் அதைக் கொடுத்துச் சோதிப்பார்களாம். மாமியார் என்கிற பதவி எல்லாக் கண்டத்திலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அந்த ஊர் உழவர் ஒரு வயலில் ஒரு ரகம் என்று நடுவதில்லை. இருபது முப்பது ரகங்களைக் கலந்து நடுவார். ஒன்றைப் பனி கொண்டுபோனால் இன்னொன்று நிற்கும். கசப்பான சில ரகங்கள் கடும் பனியையும் தாங்கும், ஆனால் அப்படியே தின்ன முடியாது. அவற்றை இரவுப் பனியில் உறையவைத்து, பகல் வெயிலில் காயவைத்து, காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து 'சுனியோ' என்ற வற்றலாக்குகிறார்கள். பல வருடம் கெடாது. மோர்மிளகாய் போடும் நமக்கு இந்த யோசனை புரியும்.

விதை இருக்கிறது, ஆனால் உதவாது

இப்போதுதான் முக்கியமான இடம். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

நெல் ரகத்தைக் காப்பது ஒப்பீட்டளவில் எளிது. மாப்பிள்ளைச் சம்பாவை நன்றாகக் காயவைத்து எடுத்துவைத்தால், அடுத்த பருவத்தில் முளைப்பதும் மாப்பிள்ளைச் சம்பாதான். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வதால், விதைக்குள் இருப்பது ஏறக்குறைய தாயேதான்.

மாம்பழத்துக்கு அப்படி இல்லை. பங்கனப்பள்ளிக் கொட்டையை நட்டால் வருவது ஏதோ ஒரு மாமரம். அதனால்தான் ஒட்டுக் கட்டுகிறோம். உருளையும் மாமரத்தின் கட்சி. அதுவும் பூக்கும், காய்க்கும். பச்சைத் தக்காளி போல் சின்னக் காய், உள்ளே நூற்றுக்கும் மேல் விதைகள். அந்த விதைகளை நட்டால் நூறு செடிகளும் நூறு விதமாக இருக்கும். 'மருமகளை அழவைப்பது' விதையிலிருந்து திரும்பி வராது. ரகம் மாறாமல் இருக்க வேண்டுமானால் கிழங்கையே நட வேண்டும். இப்படித் தாயின் உடல் துண்டிலிருந்தே வளர்ந்து, மரபில் தாயை அப்படியே ஒத்திருக்கும் செடியைக் குளோன் என்கிறார்கள். வாழைக்கன்று குளோன்தான். ஒட்டு மாங்கன்றின் மேல் பாகமும் குளோன்தான்.

கிழங்கைச் சும்மா வைத்திருக்கவும் முடியாது. சில மாதங்களில் முளைவிடும், சுருங்கும், அழுகும். ஆக, ஒரு நாட்டு உருளை ரகம் என்பது குதிரில் கிடக்கும் நெல் அல்ல, உறைமோர். இன்றைய தயிரில் ஒரு கரண்டி நாளைய பாலுக்குப் போனால்தான் தொடர்ச்சி. ஒரு நாள் மறந்தால் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தோடு போக வேண்டும். பக்கத்து வீட்டிலும் இல்லையென்றால் அந்த உறை முடிந்தது. ஆன்டிஸில் ஒரு கிழவி மட்டும் நட்டுவந்த ரகத்துக்கும் அதே கதிதான்.

உறைமோரில் இன்னொரு வம்பும் உண்டு. ஒருமுறை புளித்துக் கெட்டால், அதே கெட்ட உறைதான் அடுத்த நாளுக்கும் போகும். கிழங்கில் அந்த வேலையைச் செய்வது வைரஸ். செடிக்குள் நுழைந்த வைரஸ் கிழங்குக்கும் இறங்கிவிடும். விதைக்கிழங்கு வழியே வருடா வருடம் கூடிக்கொண்டே போகும். விளைச்சல் குறையும்போது உழவர் 'ரகம் தேய்ந்துவிட்டது' என்கிறார். தேய்ந்தது ரகம் அல்ல, அதன் ஆரோக்கியம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: நாட்டு உருளை ஆன்டிஸுக்குச் சொந்தம். அதன் ரகங்கள் விதையில் தொடர்வதில்லை, குளோனாகத்தான் தொடரும். குளோன் என்பதால் இடைவிடாமல் உயிரோடு வைத்திருக்க வேண்டும், நோயிலிருந்தும் காக்க வேண்டும்.

ஒரே முகம், ஒரே பூட்டு

குளோனுக்கு இன்னொரு விலையும் உண்டு. ஒரே சாவியில் திறக்கும் நூறு வீடுகளை நினைத்துப் பாருங்கள். திருடனுக்கு ஒரு சாவி கிடைத்தால் தெருவே காலி. அயர்லாந்தில் ஏழைகள் ஏறக்குறைய லம்பர் என்ற ஒரே ரகத்தை நம்பியிருந்தார்கள். 1845இல் பின் இலைக்கருகல் நோய் வந்தது. பூஞ்சணம் போலத் தெரியும் ஒரு நுண்ணுயிர் ஈரமும் குளிரும் சேர்ந்த நாட்களில் இலையிலிருந்து கிழங்குவரை அழுகவைக்கும் நோய் இது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் இறந்தார்கள். ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் நாட்டை விட்டுப் போனார்கள். சாவுக்கு நோய் மட்டும் காரணமல்ல, ஆட்சியும் காரணம். அதே ஆண்டுகளில் அந்தத் தீவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வயல் அப்படி ஒட்டுமொத்தமாக விழுந்ததற்கு ஒரே ரகத்தை நம்பியிருந்தது பெரிய காரணம்.

உயிரோடு வைத்திருப்பது எப்படி?

பெருவின் தலைநகர் லிமாவில் 1971இல் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டு ரகங்கள் இருக்கின்றன. இதுபோல் பயிர்களின் மரபுவளத்தைச் சேர்த்துக் காக்கும் இடத்துக்கு மரபணு வங்கி என்று பெயர். 'வங்கி' என்றதும் மூட்டை மூட்டையாகக் கிழங்கு அடுக்கிய குளிர்பதனக் கிடங்கு மனதில் வரும். அங்கே பிரதானமாக இருப்பது சோதனைக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் விரல் நீளச் செடி ஒன்று, ஊட்டச்சத்துக் கூழில் வேர்விட்டு நிற்கும். நம் விவசாயிகளுக்குத் 'திசு வாழை' தெரியும். அதே திசு வளர்ப்புதான். வித்தியாசம் என்னவென்றால், வாழையில் செடி வேகமாகப் பெருக வேண்டும், இங்கே மெதுவாக வளர வேண்டும். குளிரான அறையில், குறைந்த வெளிச்சத்தில், செடியைக் கிட்டத்தட்டச் சோம்பேறியாக்கி வைக்கிறார்கள். அப்படியும் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை துண்டு வெட்டிப் புதுக் குழாய்க்கு மாற்றியாக வேண்டும். உறை மாற்றுவதேதான், கொஞ்சம் தாமதமாக.

குழாய்க்குள் போகும் முன் வைரஸை நீக்க வேண்டும். செடியைச் சில வாரம் வெப்பமான அறையில் வைத்து, பிறகு தண்டின் உச்சியில் குண்டூசி முனையை விடச் சிறிய துணுக்கை மட்டும் வெட்டி எடுத்து வளர்க்கிறார்கள். வைரஸ் பெரும்பாலும் அந்த இளம் முனைவரை எட்டியிருக்காது. வீட்டில் தீப்பிடித்தால் கைக்குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவது மாதிரி.

உறை மாற்றும் தொல்லையே வேண்டாமென்றால் கடைசி வழி ஒன்று உண்டு: அதே தண்டு முனைகளை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறையவைப்பது. அந்தக் குளிரில் உயிரணுவுக்குள் எந்த வேலையும் நடக்காது, காலம் நின்றுபோகும். ஆனால் எல்லா ரகமும் ஒரே மாதிரி மீண்டு எழுவதில்லை. ஒவ்வொன்றாக உறையவைத்து, உருக்கி, மீண்டும் முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த வசதியெல்லாம் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? ரஷ்யாவின் லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) தாவரவியலாளர் வாவிலோவ் நிறுவிய பயிர்ச் சேகரிப்பு அதற்குச் சாட்சி. 1920களிலேயே அவருடைய ஆட்கள் மெக்சிகோவுக்கும் ஆன்டிஸுக்கும் போய் உருளைக்கிழங்குகளைக் கொண்டுவந்திருந்தார்கள். 1941இல் ஜெர்மானியப் படை நகரை முற்றுகையிட்டது. நெல்லும் கோதுமையும் பெட்டியில் கிடக்கும். கிழங்குக்கு அப்படியா? ரஷ்யக் குளிரில் ஒரு ராத்திரி உறைந்தால் போச்சு. அகப்பட்ட மரத்துண்டையெல்லாம் எரித்து நிலவறையைச் சூடாக வைத்திருந்தார்கள் அந்த ஊழியர்கள், தாங்கள் பசியில் வாடியபடி. அரிசிச் சேகரிப்பைக் கவனித்த திமித்ரி இவானோவ் சுற்றிலும் அரிசி மூட்டை இருக்கப் பட்டினியால் இறந்தார். வாவிலோவ் 1943இல் தன் நாட்டுச் சிறையிலேயே இறந்தார். இந்தக் கதையைப் படித்த பிறகு 'சேமித்து வைத்தால் போதும்' என்ற வாக்கியத்தை என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

வங்கிக்கு வெளியேயும் ஒரு காப்பு உண்டு. அதுதான் மூத்தது: உழவர் வயல். பெருவில் குஸ்கோவுக்கு அருகே பிசாக் மலைகளில் கெச்சுவா சமூகங்கள் சேர்ந்து 'உருளைக்கிழங்குப் பூங்கா' ஒன்றை நடத்துகின்றன. பூங்கா என்றால் வேலி போட்ட இடமல்ல, ஊரும் வயலும் சேர்ந்ததே பூங்கா. இவர்களிடமிருந்து முன்பு சேகரித்துப் போன ரகங்களில் நானூறுக்கும் மேற்பட்டவற்றை, வைரஸ் நீக்கி, லிமா மையம் திருப்பிக் கொடுத்தது. வங்கியில் கிடக்கும் ரகம் போட்ட நாளில் இருந்தபடியே இருக்கும். வயலில் இருப்பது ஒவ்வொரு வருடமும் பனியையும் வறட்சியையும் பூச்சியையும் பார்க்கும். அதை உழவர் பார்ப்பார். மோசமானதைக் கைவிட்டு நல்லதைத் தொடர்வார். வெப்பம் கூடுவதால் கிழங்கு நடும் எல்லை மலையில் மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை அங்கே முதலில் கவனித்ததும் அவர்கள்தான். மலைக்கு உச்சி என்று ஒன்று உண்டே, அதற்கு மேல் எங்கே ஏறுவது?

ஆக, காப்பதற்கு இரண்டு இடம்: வங்கி, வயல். ஒன்று மாறாமல் வைத்திருக்கிறது, மற்றது மாறவிடுகிறது. இரண்டும் வேண்டும்.

கத்தரிக்குச் சுண்டை மாதிரி

இதுவரை பார்த்தது உழவர் நடும் ரகங்களை. உருளைக்குக் காட்டு உறவினங்களும் உண்டு. சரி, அவை எதற்கு? வாடல் நோயும் வேர்ப் புழுவும் உள்ள நிலத்தில் நம் ஊர் விவசாயிகள் சிலர் சுண்டைக்காய்ச் செடியின் அடித்தண்டில் கத்தரியை ஒட்டுக் கட்டுகிறார்கள். யாரும் உரம் போடாமல், மருந்தடிக்காமல் வேலியோரம் தானே வளர்ந்த சுண்டைக்கு அந்தத் தெம்பு உண்டு. பயிருக்கு இப்படிக் காட்டில் வாழும் சொந்தக்காரர்களே காட்டு உறவினங்கள். உருளைக்கு நூறுக்கும் மேற்பட்ட காட்டு இனங்கள், அமெரிக்காவின் தென்மேற்கிலிருந்து சிலி, அர்ஜென்டினா வரை பரவியிருக்கின்றன. கிழங்கு பெரும்பாலும் கோலிக்குண்டு அளவு, கசப்பு. உணவாக ஒன்றுக்கும் உதவாது. நோயோடும் பனியோடும் பல்லாயிரம் வருடம் மல்லுக்கட்டியதுதான் அவற்றின் சொத்து.

இவற்றைக் காப்பதில் ஒரு நிம்மதி உண்டு. இங்கே 'அதே ரகம்' என்று எதுவும் இல்லை. அந்த இனத்தின் பன்முகம் இருந்தால் போதும். ஆகவே விதையாகவே காயவைத்து உறைகுளிரில் வைக்கலாம். உலகப் பயிர்களின் விதைகளை உறைகுளிரில் காக்கும் நார்வேயின் ஸ்வால்பார்ட் பெட்டகத்துக்குப் போவதும் விதைதான். பூங்காச் சமூகத்தினர் 2015இல் அங்கே வைத்ததும் விதையே, கிழங்கு அல்ல.

ஒட்டுக் கட்டினால் வேர் மட்டுமே சுண்டை, காய் கத்தரி. ஆனால் உருளையில் நமக்கு வேண்டிய குணம் இலையிலும் கிழங்கிலும் இருக்க வேண்டும். அதனால் இனக்கலப்பு செய்தாக வேண்டும். கலந்தால் பாதிக் குணம் காட்டிலிருந்து வரும், கசப்பும் சிறுத்த கிழங்கும் சேர்த்து. அந்தச் சந்ததியை மறுபடி மறுபடி நல்ல ரகத்தோடு சேர்த்து, வேண்டாததைக் கழித்து, வேண்டிய ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பின்கலப்பு என்று பெயர். மெக்சிகோவின் ஒரு காட்டு இனத்திலிருந்து கருகல் நோய் எதிர்ப்பை எடுத்து நெதர்லாந்தில் விற்பனை ரகமாக்க நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. நேரடியாகச் சேராததால் இடையில் வேறு இனங்களைத் தூது அனுப்ப வேண்டியிருந்தது.

பரணில் இருந்தால் போதுமா?

உங்கள் வீட்டுப் பரணில் பூட்டிய பெட்டிகள் நாலாயிரம் இருக்கின்றன என்று வையுங்கள். பத்திரமாகத்தான் இருக்கின்றன. வீட்டில் ஒருவருக்கு வேட்டி வேண்டும். எந்தப் பெட்டியில்? யாருக்கும் தெரியாது. மதிப்பீடு செய்யாத சேகரிப்பின் நிலை இதுதான். ஊரில் காப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர், மதிப்பீட்டைப் பற்றிப் பேசுகிறவர் அரிது. அதில் படம் எடுத்துப் போட ஒன்றுமில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

முதல் வேலை அடையாளம் காண்பது: பூ நிறம், தோல் நிறம், சதை நிறம், கண்ணின் ஆழம், கிழங்கின் வடிவம். அலுப்பான வேலைதான், ஆனால் பலன் பெரிது. லிமா மையம் தொடக்கத்தில் சேகரித்தவை பதினையாயிரம் அளவுக்கு இருந்தன. பக்கத்தில் பக்கத்தில் நட்டு ஒப்பிட்டு, கிழங்கின் புரதங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது பெரும்பாலானவை ஒரே ரகத்தின் மறுபதிவுகள் என்று தெரிந்தது. ஊருக்கு ஒரு பெயர் இருந்ததால் பத்து ரகமாகத் தெரிந்தது ஒன்றாக இருந்தது. எண்ணிக்கை அப்போது நாலாயிரத்துக்கும் கீழே இறங்கியது. ஒவ்வொரு குழாய்க்கும் ஆண்டுதோறும் செலவு உண்டு என்பதால் இது சின்ன விஷயமல்ல.

இரண்டாவது, தாங்குகிறதா, விளைகிறதா, உண்ணத் தகுமா என்று சோதிப்பது. மதிப்பீடு என்று குறிப்பாகச் சொல்வது இதைத்தான். நோய் தாக்கும் இடத்தில் வேண்டுமென்றே நட்டு, மருந்தடிக்காமல் விட்டு, எந்தச் செடி நிற்கிறது என்று வாரா வாரம் எண்ணுகிறார்கள். இரும்புச்சத்து, மாவுச்சத்து, சேமிப்பில் கெடாமை எல்லாம் அளக்கிறார்கள். நஞ்சையும் அளந்தே ஆக வேண்டும். பச்சையேறிய உருளையைத் தின்னாதே என்று அம்மா சொல்வாரே, அந்தக் கசப்பு நஞ்சு காட்டு இனங்களில் அதிகம். அமெரிக்காவில் 1967இல் லெனாப்பே என்று ஒரு ரகம் வெளியிட்டார்கள். சிப்ஸுக்கு அருமையானது. அதன் வம்சத்தில் ஒரு காட்டு இனம் இருந்தது. தின்றவர்களுக்குக் குமட்டல் வந்த பிறகுதான் நஞ்சின் அளவு கூடுதல் என்று தெரிந்தது. 1970இல் திரும்பப் பெற்றார்கள். இயற்கையானது என்றால் பாதுகாப்பானது என்று வாதாடுகிறவர்களுக்கு நான் இந்தக் கிழங்கைத்தான் காட்டுவேன்.

'பழைய ரகம் எந்த நோயையும் தாங்கும்' என்பதும் இங்கேதான் உடைகிறது. நாட்டு ரகங்களில் பலவற்றைக் கருகல் நோய் எளிதாகச் சாய்த்துவிடும். சில தாங்கும். எது தாங்கும் என்று சோதித்தால்தான் தெரியும். இன்று தாங்குவது பத்து வருடம் கழித்துத் தாங்கும் என்றும் இல்லை, நோய்க்கிருமியும் மாறிக்கொண்டே இருக்கிறது. மெக்சிகோவின் காட்டு இனம் ஒன்றிலிருந்து எடுத்த எதிர்ப்பு மரபணுக்கள் பல, வந்த சில வருடங்களிலேயே பலனிழந்தன. நம் குஃப்ரி ஜோதி 1968இல் வந்தபோது கருகலைத் தாங்கியது. பிறகு அந்தத் தெம்பு குறைந்துவிட்டது.

நீலகிரியில் ஒரு புழு

கடைசியாக, இதெல்லாம் நம் ஊரைத் தொட்ட கதை. 1961இல் நீலகிரி மண்ணில் தங்க நூற்புழு இருப்பது தெரியவந்தது. வேரில் ஒட்டி உறிஞ்சும் நுண்ணிய புழு. பெண் புழுவின் உடலே முட்டைகள் நிறைந்த கடினமான கூடாகி, மண்ணில் இருபது ஆண்டுக்கு மேலும் கிடக்கும். அதன் பூர்வீகமும் ஆன்டிஸ்தான். கிழங்கு உலகம் சுற்றியபோது மண்ணோடு ஒட்டிக்கொண்டு அதுவும் சுற்றியிருக்கிறது. நீலகிரி விதைக்கிழங்கு வெளி மாநிலம் போகத் தடை வந்தது.

விடையும் ஆன்டிஸிலிருந்துதான் வந்தது. பிரிட்டனில் ஹாக்ஸ் என்ற தாவரவியலாளர் முதலானோர் 1930களின் இறுதியில் தென் அமெரிக்கா போய்ச் சேகரித்த கிழங்குகள் ஒரு தொகுப்பாக இருந்தன. அவை ஒவ்வொன்றையும் எலன்பி என்ற ஆய்வாளர் நூற்புழு உள்ள மண்ணில் வளர்த்துப் பார்த்தார். 1673 என்ற பதிவெண் கொண்ட நாட்டு ரகத்தின் வேரில் கூடு கட்டவில்லை. சேகரித்தவர் யாரும் அதைப் புழுவுக்காக எடுத்துவரவில்லை; ஏறக்குறைய பத்து ஆண்டு அது தொகுப்பில் சும்மா இருந்த சரக்கு. அந்த எதிர்ப்பு மரபணு இன்று உலகின் ஏராளமான ரகங்களில் இருக்கிறது.

ஆனால் நீலகிரியில் இருப்பது ஒரு புழு இனம் அல்ல, இரண்டு. 1673இன் மரபணு இரண்டாவதைத் தடுக்காது. அதற்கு வெர்னியை என்ற காட்டு இனத்தின் வாரிசுகளை நாட வேண்டியிருந்தது. அந்த வம்சத்தையும் குஃப்ரி ஜோதியையும் கலந்து உருவான குஃப்ரி ஸ்வர்ணா 1985இல் நீலகிரிக்காக வெளியானது.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கிறது அதற்கான ஆராய்ச்சி நிலையம். சோதனை முறை எளிமையானது: தொட்டியில் புழுக்கூடுள்ள மண், அதில் ஒரு கிழங்கு. செடி வளர்ந்ததும் தொட்டியைக் கவிழ்த்து, மண்ணுருண்டையைச் சுற்றி வேரில் கடுகை விடச் சிறிய பொன்மணிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று கண்ணால் எண்ணுகிறார்கள்.